மறுமணத்துக்கு முன் எழுதிய உயில் செல்லுமா?

கேள்வி: நான் பாளையங்கோட்டையைச் சேர்ந்த கிறிஸ்தவன், ஓய்வு பெற்றவன். முதல் மனைவி இறந்த பின், என் சுய சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை ஒரே மகளுக்கு எழுதிவைத்து, 2016-இல் உயிலைப் பதிவும் செய்தேன். 2023-இல் தேவாலயத்தில் மறுமணம் செய்துகொண்டேன். திருமணத்தால் உயில் பாதிக்கப்படாது என்று, தாமும் மறுமணம் செய்துகொண்ட இந்து நண்பர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அது சரியா?

பதில்: உங்கள் நண்பர் தம்மைப் பொறுத்தவரை சரியாகவே சொல்லியிருக்கிறார், ஆனால் அது உங்களுக்குப் பொருந்தாது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 69-ஆம் பிரிவின்படி, உயில் எழுதியவர் திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் அவர் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும். இந்து, பௌத்த, சீக்கிய, சமண சமயத்தவரின் உயில்கள் திருமணத்தால் ரத்தாகா என்று 57-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. கிறிஸ்தவர்களுக்கும் பார்சிகளுக்கும் அந்த விலக்கு இல்லை. எனவே, 2023-இல் திருமணம் நடந்த அன்றே உங்கள் உயில் செல்லாததாகிவிட்டது. அது பதிவு செய்யப்பட்டது என்பதாலோ, யாரும் அதை ரத்து செய்யவில்லை என்பதாலோ இந்த நிலை மாறாது.

இதை அறியாத குடும்பங்களில் சிக்கல் பெரும்பாலும் இறப்புக்குப் பிறகே தெரியவருகிறது. மகள் பதிவான உயிலைக் காட்டுவார்; மனைவி தேவாலயத் திருமணப் பதிவேட்டின் நகலைக் காட்டுவார்; இரு தேதிகளையும் ஒப்பிட்டால் உயில் நிற்காது. அப்போது நீங்கள் உயில் எழுதாமல் இறந்ததாகவே கருதப்பட்டு, வீடு மட்டுமன்றி வங்கி வைப்புத்தொகை உள்ளிட்ட அனைத்திலும் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், எஞ்சிய இரண்டு பங்கு மகளுக்கும் சேரும். வங்கியில் மகளை நாமினியாகக் குறிப்பிட்டிருந்தாலும், அவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளத்தான் அது உதவும். உரிமையை வாரிசுச் சட்டமே முடிவு செய்யும்.

ஆகவே, காலம் தாழ்த்தாமல் புதிய உயில் எழுதுங்கள். பழைய உயிலை சாட்சிகள் முன் மீண்டும் முறைப்படி கையெழுத்திட்டோ, அதை உயிர்ப்பிக்கும் எண்ணத்தைத் தெளிவாகக் காட்டும் இணைப்பு உயில் எழுதியோ உயிர்ப்பிக்க 73-ஆம் பிரிவு இடமளிக்கிறது என்றாலும், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 2016-இல் இல்லாத ஒருவர் இப்போது உங்கள் வீட்டில் வாழ்கிறார். மனைவிக்கு அவருடைய ஆயுட்காலம் வரை வீட்டில் குடியிருக்கும் உரிமையை அளித்து, அவருக்குப் பின் முழு உரிமையும் மகளைச் சேரும் என்று எழுதினால், இருவரும் நீதிமன்றப் படியேற வேண்டிய தேவை பெரிதும் குறையும். செட்டில்மெண்ட் பத்திரம் மூலம் இப்போதே மகளுக்கு எழுதிக்கொடுப்பதும் ஒரு வழிதான். ஆனால் அதை உயிலைப் போல நினைத்தபோது மாற்ற முடியாது என்பதால், யோசித்துச் செய்ய வேண்டியது அது.

எழுதும்போது சாட்சிகள் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். வீட்டில் இருக்கிறாரே என்று மருமகனைக் கையெழுத்திடச் சொல்வது பலர் செய்வது. ஆனால் சாட்சிக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் அளிக்கப்படும் சொத்து, 67-ஆம் பிரிவின்படி கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை செல்லாது. மருமகன் சாட்சியானால், உங்கள் மகளுக்கு எழுதியதே வீணாகிவிடும். உயிலால் எந்தப் பயனும் அடையாத இருவரை, இயன்றால் உங்களைவிட வயதில் இளையவர்களை, தேர்ந்தெடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே விதி உங்கள் மனைவிக்கும் பொருந்தும். அவரும் கிறிஸ்தவராக இருந்து, திருமணத்துக்கு முன் தம் சொத்தைப் பற்றி உயில் எழுதியிருந்தால் அதுவும் ரத்தாகியிருக்கும். அவரும் தனியே ஒரு வழக்கறிஞரைக் கலந்து, தம் விருப்பப்படி புதிய உயில் எழுதிக்கொள்வது நல்லது.