83 வயது அப்பாவுக்கு பைபாஸ்: மெஷினிலா, இதயம் துடிக்கும்போதேவா?

அப்பாவுக்கு மூன்று குழாயில் அடைப்பு, ஒரு டாக்டர் இதயத்தை நிறுத்தி, அதன் வேலையைச் செய்யும் மெஷின் வைத்துச் செய்யலாம் என்கிறார், இன்னொருவர் துடிக்கும்போதே செய்யலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

இது பழைய சண்டை. ஜெர்மனியில் 75 வயது தாண்டிய சுமார் 2,400 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்டார்கள். ஒரு மாதத்திலும் சரி, ஒரு வருடத்திலும் சரி, மரணம், பக்கவாதம், மாரடைப்பு எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால் மெஷின் பேச்சை விடுங்கள், மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இந்த வயதில் அதன் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். அங்கே கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) போட்டால் துணுக்கு உடைந்து மூளைக்குப் போகும் ஆபத்து உண்டு. சிடி ஸ்கேனில் அப்படித் தெரிந்தால், மகாதமனியையே தொடாமல், மார்புத் தமனிகளைக் கொண்டு துடிக்கும் இதயத்தில் செய்வதுதான் மேல் என்பேன். ஆனால் அது தினமும் செய்து பழகிய கையாக இருக்க வேண்டும்.

என் மாமனாருக்கு 81 வயதில் பைபாஸ் நடந்தது. ஆபரேஷனைவிட ஐசியூ ராத்திரிகள்தான் படுத்திவிட்டன. "மாம்பலம் வந்துடுச்சா, இறங்கணும்" என்று எழுந்துகொண்டே இருந்தார். கண்ணாடியும் காது மெஷினும் கைக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் தெளிந்தார். இரண்டையும் முதல் நாளே நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.