மொட்டை மாடியில் கரியடுப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், மாடியில் கோழி வாட்டுவது பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். எந்தக் கரி நல்லது, எப்படி மூட்டுவது என்று கேட்பவர்கள் நிறையப் பேர். விருந்து முடிந்த பிறகு அடுப்பை என்ன செய்வது என்று கேட்பவர்கள் அரிது. தீயணைப்புப் பணியில் நான் பார்த்தவற்றில் மனம் ஆறாத சம்பவங்கள் பலவும் அந்தக் கடைசிக் கட்டத்தில் நடந்தவை. அதனால் இம்முறை அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

மலைப் பகுதிக்கு உறவினர்களோடு போகிறோம். வெளியே கரியடுப்பில் சமைத்த பிறகு, கங்கு மட்டும் இருக்கும்போது அடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர் காயலாமா? ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்வோம். (திருப்பூர் வாசகி)

வேண்டவே வேண்டாம், சகோதரி. ஜன்னல் திறந்திருந்தாலும் வேண்டாம்.

2024ஆம் ஆண்டு கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இரண்டு இளைஞர்கள் இப்படித்தான் இறந்து போனார்கள். சமைத்த அடுப்பு அறைக்குள் இருந்தது. இரவு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை.

சுடரும் புகையும் அடங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்கிறோம். கரி விஷயத்தில் அது தவறு. செக்கச்செவேல் என்று அமைதியாகக் கனலும் கங்கிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு தாராளமாக வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பற்றிக்கொள்ளும். மூச்சு வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்க, மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது. தலைவலி, குமட்டல், கை கால் தளர்ச்சி, தூக்கம் என்று வரிசையாக வரும். அலைச்சலாக இருக்கும் என்று எண்ணிப் படுத்துவிடுவார்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள இரத்தத்தையும் அந்தக் கருவியால் பிரித்துப் பார்க்க முடியாது. 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும். யாருக்காவது இப்படி ஆனால் கதவுகளைத் திறந்து, அவரை உடனே வெளியே கொண்டுவந்து, 108ஐ அழையுங்கள். கரியடுப்பு இருந்த அறை என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். வெளிக்காற்றைச் சுவாசித்தாலும் இரத்தத்தில் இந்த வாயுவின் அளவு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும்.

மழை தூறுகிறது என்று அடுப்பை மாடிப்படி அறைக்குள் இழுப்பதும், காருக்குள் வைப்பதும், கூடாரத்துக்குள் வைப்பதும் இதே கதைதான். நனைந்தால் நனையட்டும், அடுப்பு வெளியிலேயே கிடக்கட்டும்.

கரி பற்றவே மாட்டேன் என்கிறது. கொஞ்சம் பெட்ரோல் தெளிக்கலாமா? கைக்குத் தடவும் கிருமிநாசினித் திரவம் (சானிடைசர்) பாதுகாப்பானதா? (தாம்பரம் வாசகர்)

இரண்டும் கூடாது. பெட்ரோலின் ஆவி உறையும் குளிரிலும் பற்றும். நீங்கள் தெளித்துவிட்டுத் தீக்குச்சியைத் தேடும் நேரத்தில் அந்த ஆவி உங்கள் முழங்கால் வரை பரவியிருக்கும். சானிடைசரில் பெரும்பாலும் இருப்பது ஆல்கஹால். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றுவார்கள், தீ ஊற்றின் வழியாகவே ஏறிப் புட்டிக்குள் வரும். மண்ணெண்ணெயானாலும் சரி, கனன்றுகொண்டிருக்கும் கரிமேல் எந்தத் திரவத்தையும் ஊற்றாதீர்கள்.

நம் பாட்டிமார் வழியே போதும். கரியைக் கோபுரமாகக் குவித்து, அடியில் உலர்ந்த கொட்டாங்கச்சித் துண்டுகளையும் இரண்டு கற்பூர வில்லைகளையும் வைத்து மூட்டுங்கள். முறத்தாலோ விசிறியாலோ மெல்ல வீசுங்கள். இருபது நிமிடம் பொறுத்தால் கரிமேல் வெண்சாம்பல் படரும். அதன் பிறகு கறியை வையுங்கள்.

மாடியில் எந்த இடத்தில் வைப்பது? எங்கள் வீட்டு பால்கனி வசதியாக இருக்கிறது. (கோவை வாசகி)

பால்கனியை மறந்துவிடுங்கள். மேலே இன்னொரு வீட்டின் பால்கனி, பக்கத்தில் திரைச்சீலை, கொடியில் துணி. ஒரு பொறி போதும். மாடியில் சுவர், தண்ணீர்த் தொட்டி, சூரியத் தகடு, கேபிள் கம்பி எல்லாவற்றிலிருந்தும் பத்து அடி தள்ளி, சமதளத்தில் வையுங்கள். பக்கத்து மனையில் ஓலைக் கூரையோ வைக்கோல் போரோ இருந்து, காற்று அந்தப் பக்கம் அடித்தால் அன்றைக்கு மூட்டவே வேண்டாம். கங்கை வெறும் சிமென்ட் தரையில் கொட்டக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தரை படாரென்று வெடித்துச் சில்லுகள் தெறிக்கும். நைலான் சேலை, துப்பட்டா, தொங்கும் முந்தானை ஆகியவற்றோடு அடுப்பருகே நிற்காதீர்கள், பருத்தி உடுத்துங்கள். அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, குழந்தைகள் அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கோட்டைக் கண்ணால் பார்த்தால் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பழைய பெயின்ட் டிரம்மை வெட்டி அடுப்பும், பழைய குளிர்சாதனப் பெட்டியின் கம்பித் தட்டை வலையாகவும் செய்திருக்கிறேன். சரிதானே? (விருதுநகர் வாசகர்)

உங்கள் கைவேலையைப் பாராட்டுகிறேன், ஆனால் அதில் சமைக்காதீர்கள். டிரம்மில் ஒட்டியிருக்கும் பெயின்டும் கரைப்பானும் சூட்டில் நச்சுப் புகையாகும். குளிர்பெட்டித் தட்டுகள் சிலவற்றில் காட்மியம் பூசியிருப்பார்கள். அது உணவில் சேரும் நஞ்சு. துத்தநாகம் பூசிய கம்பி வலையும் வேண்டாம். எவர்சில்வர் வலை வாங்குங்கள். ஒட்டுப்பலகைத் துண்டு, வார்னிஷ் அடித்த மரம் ஆகியவற்றை எரிக்காதீர்கள். வேலியோரத்து அரளிக் குச்சியை ஒடித்துக் கறி கோக்கவும் கூடாது, அந்தச் செடி முழுக்க நஞ்சு.

கொழுப்பு சொட்டித் தீ மேலே எழும்பினால்? (சேலம் வாசகி)

தண்ணீர் ஊற்றாதீர்கள், எரியும் கொழுப்பு நாலாபுறமும் தெறிக்கும். இடுக்கியால் கறியை ஓரம் தள்ளுங்கள், மூடி இருந்தால் மூடுங்கள். ஒரு வாளி மணல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மிஞ்சினால் 101.

கையில் சுட்டுவிட்டால் பற்பசை தடவலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பற்பசை, மை, மஞ்சள், வெண்ணெய், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். குழாயடியில் இருபது நிமிடம் கையை நீட்டியிருங்கள். இரண்டு நிமிடத்தில் வலி குறைந்தாலும் எடுத்துவிடாதீர்கள், சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். வீங்குவதற்கு முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் போங்கள்.

வெளியே கருகியும் உள்ளே இரத்தமாகவும் இருக்கிறது கோழி. (தஞ்சாவூர் வாசகி)

சுடர் அடங்கும் முன்பே வைத்திருப்பீர்கள். துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். உணவு வெப்பமானி ஒன்று வாங்கினால் ஐயமே இல்லை. பச்சைக் கறி இருந்த தட்டில் வெந்த கறியை வைக்காதீர்கள். பச்சைக் கறி ஊறிய மசாலாச் சாற்றை வெந்த துண்டின் மேல் தடவுவதும் ஆகாது.

எல்லாம் முடிந்து சாம்பலைக் குப்பைத் தொட்டியில் போடலாமா? (சென்னை வாசகர்)

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, ஐயா.

ஒரு புத்தாண்டு விடியல், ஐந்தரை மணி இருக்கும், அடுக்குமாடி வீடு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. இரவு பதினொரு மணிக்கே ஆறிவிட்டது என்று சாம்பலைச் சாக்கில் கட்டிப் படிக்கட்டின் கீழ் வைத்திருந்தார்கள். சாக்கு, அதை ஒட்டியிருந்த செருப்பு அலமாரி, மேலே ஓடிய மின்கம்பி என்று தீ ஏறியிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அலமாரி இருந்த இடத்தில் உருகிய ரப்பருக்கு நடுவே ஒரு குழந்தையின் செருப்பு மட்டும் பாதி மிஞ்சியிருந்தது. ஐந்து பேர் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்கு அந்தப் படிக்கட்டு ஒன்றுதான் வழி.

நீறு பூத்த நெருப்பு என்று நாம் பேச்சுக்குச் சொல்வது இங்கே அப்படியே நடக்கிறது. சாம்பல் போர்வை சூட்டைக் காத்து வைத்திருக்கும். அடியில் கங்கு ஒரு நாளைக்கு மேலும் உயிரோடு இருக்கும். மூடியுள்ள அடுப்பென்றால் மூடியையும் காற்றுத் துவாரங்களையும் அடைத்து, மாடியிலேயே இரண்டு நாள் விடுங்கள். அன்றே அணைக்க வேண்டுமானால் தண்ணீர் நிறைந்த இரும்பு வாளியில், நீண்ட இடுக்கியால் கங்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். அடுப்புக்குள் தண்ணீரைக் கவிழ்த்தால் ஆவி முகத்தில் அடிக்கும். பிறகு கம்பியால் கிளறி, எங்கும் சீறல் இல்லை என்று பார்த்த பின்பே குப்பைக்கு அனுப்புங்கள். எண்ணெயும் உப்பும் சிந்திய அந்தச் சாம்பலைச் செடிக்குப் போட வேண்டாம்.