வில்லில் ‘டூர்ட்’ முத்திரை

வணக்கம். தாத்தாவின் வயலின் பெட்டியில் பழைய வில் ஒன்று இருந்தது. கைப்பிடிப் பக்கம் ‘டூர்ட்’ என்று முத்திரை. நீளம் 74.5 செ.மீ. பாரிஸின் பிரான்சுவா டூர்ட் செய்த அசலாக இருக்குமா? கறுத்துக் கிடக்கிறது, பாலிஷுக்குக் கொடுக்கலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த முத்திரைதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. பிரான்சுவா சேவியர் டூர்ட் (1747–1835) தன் விற்களில் பெயர் குத்தும் வழக்கம் இல்லாதவர். 1824-இல், 77 வயதில் செய்தது என்று எழுதிய துண்டுச்சீட்டு உள்ளே இருக்கும் விற்கள் உண்டு, அதெல்லாம் அபூர்வம். அவர் பெயரைத் தாராளமாகக் குத்தியவை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் உள்ள சாக்ஸனியின் மார்க்நாய்கிர்ஷன் வட்டாரப் பட்டறைகள். மோசடி என்றுகூடச் சொல்ல மாட்டேன். ‘டூர்ட் மாதிரி’ என்பதுதான் வியாபாரத்தில் அதற்கு அர்த்தம். எங்காவது ‘ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அநேகமாக 1891-க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சுங்கச் சட்டம் அப்போதுதான் கட்டாயமாக்கியது.

நீளம் எதையும் நிரூபிக்காது. 74–75 செ.மீ. அளவை நிலைநிறுத்தியவரே அவர்தான், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதையே பின்பற்றினார்கள். வில்லின் கம்புக்கான பெர்னாம்புகோ என்ற பிரேசில் மரத்தைச் சூடுகாட்டி உள்நோக்கி வளைப்பதும், ஃப்ராக்கில் (கைப்பிடிப் பக்கம் முடியைப் பிடித்திருக்கும் கட்டை) உலோக வளையம் போட்டு முடியைப் பட்டையாகப் பரப்புவதும் அப்படித்தான் பொதுச்சொத்தாகிவிட்டன.

விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது தலையை, அதாவது கைப்பிடிக்கு எதிர்ப்பக்க நுனியை. பக்கங்களின் வளைவு, விளிம்பில் கத்தி சீவிய சாய்வு, கழுத்து மெலியும் விதம்: இவைதான் செய்தவரின் கையெழுத்து. முடியை இறுக்கும் திருகைத் தளர்த்திவிட்டு, 10 மடங்கு லென்ஸில் தலையின் பின்புறத்தைப் பாருங்கள். மயிரிழை போல ஒரு கோடு ஓடினால் அது உடைந்து ஒட்டியதாக இருக்கலாம். ஒட்டிய தலை என்றால், யார் செய்த வில்லானாலும் விலையில் பெரும்பகுதி போய்விடும்.

பாலிஷ் வேண்டவே வேண்டாம். உப்புத்தாள் பட்டால் விளிம்பு மழுங்கும், முத்திரை தேயும், கம்பு எடை இழக்கும். ஸ்பிரிட் வார்னிஷைக் கரைக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

அவசரமாகக் கவனிக்க வேண்டியது முடி. ஈரக்காற்றில் நீளும், ஏசி அறையில் சுருங்கும். திருகை முழுக்கத் தளர்த்திய பிறகும் அது விறைப்பாகவே நின்றால் உடனே வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த இழுவிசையில் தலையே முறியலாம். முடி இழை இழையாக அறுந்து கிடந்தால் புழு அரித்திருக்கும், பெட்டியைச் சுத்தம் செய்து வெயிலில் வையுங்கள். புது முடி கட்டுகிறவரிடம், தலைக்குள் வைக்கும் மர ஆப்பை இறுக்கி அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தலையின் பக்கவாட்டில் விரிசல் விழுவது பெரும்பாலும் அதனால்தான்.

வெளிநாட்டு நிபுணருக்கு வில்லையே அனுப்பிவிடாதீர்கள். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் பெர்னாம்புகோ 2007 முதல் இருக்கிறது. நுனியில் தந்தமோ ஃப்ராக்கில் ஆமை ஓடோ இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. தலை, ஃப்ராக் இரண்டையும் இருபக்கமும், முத்திரையையும் பகல் வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்து அனுப்புங்கள். சாக்ஸனியா பிரான்ஸா என்று சொல்ல பெரும்பாலும் அதுவே போதும்.