கண்ணில் வளரும் இரத்தக் குழாய் இதயத்தில் வளராதா?

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 61 வயது, 15 வருடமாகச் சீனி வருத்தம். இதய நாடிகளைப் படம் பிடிக்கும் அஞ்சியோகிராம் செய்ததில் மூன்று குழாய்களிலும் அடைப்பு. பைபாஸ் செய்ய வேண்டும் என்று கண்டியில் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அதே மாதம் கண் கிளினிக்கில், விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருக்கின்றன, லேசர் அடிக்க வேண்டும் என்றார்களாம். இதற்கிடையில் ஹட்டனில் ஒருவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்து, "இதயத்திலயும் பக்கக் குழாய் இருக்குன்னு இதிலயே எழுதியிருக்கு. வெட்டாம இயற்கை பைபாஸ் செஞ்சிடலாம்" என்று ஒரு பேக்கேஜும் விலையும் சொல்லியிருக்கிறார். கண்ணில் வளர்வது இதயத்திலும் வளரும்தானே, ஒப்பரேஷனைத் தள்ளிப்போடலாமா என்று மகள் கேட்கிறார்.

தள்ளிப்போடாதீர்கள். பட்டியலில் உள்ள பெயரை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதயத்தின் நாடிகளுக்கு இடையே நூல் போன்ற இணைப்புக் குழாய்கள் பிறப்பிலிருந்தே இருக்கின்றன. மற்ற நாட்களில் அவற்றுக்கு வேலையில்லை. பெரிய நாடி மெல்ல மெல்ல அடைபடும்போது இரத்தம் அவற்றின் வழியாகப் போகத் தொடங்குகிறது. ரிப்போர்ட்டில் இருக்கும் 'பக்கக் குழாய்' இதுதான். ரோட்டில் மண் சரிந்து கிடந்தால் தேயிலைக்குள்ளே இருக்கும் குறுக்குப் பாதையில் எல்லோரும் நடந்து, நாளடைவில் அது அகலமாகிவிடும் இல்லையா, அப்படித்தான் இதுவும். ஆனால் பாதை அகல வேண்டுமென்றால் குழாயின் உட்சுவர், தன்மேல் உரசிப் போகும் ஓட்டத்தை உணர்ந்து நைட்ரிக் ஒக்சைட் சுரக்க வேண்டும். ஒருவகை வெள்ளையணுக்கள் அங்கே வந்து சுவரைத் தளர்த்திப் புதிதாகக் கட்ட வேண்டும். நீண்டகாலச் சீனி இந்த இரண்டையும் கெடுக்கிறது. உட்சுவர் சரியாக வேலை செய்வதில்லை, அந்த அணுக்களும் அழைப்பு வந்தாலும் மந்தமாகவே நகர்கின்றன. ஆகவே நீரிழிவு உள்ளவர்களிடம் இந்த மாற்றுப்பாதையை நம்பி இருக்க முடியாது.

அப்படியானால் கண்ணில் மட்டும் ஏன் வளர்கிறது? விழித்திரையின் நுண்குழாய்கள் சீனியால் அடைபட்டு ஒக்சிசன் குறையும்போது, குழாய்களை முளைக்கச் செய்யும் ஒரு புரதம் அங்கே அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதனால் முளைப்பவை சுவர் பலமில்லாதவை. கசியும், உடையும், கண்ணுக்குள் இரத்தம் கட்டும், பார்வையே போகலாம். அதனால்தான் லேசர். இதயத்துக்கு வேண்டியது இந்த மாதிரி மயிரிழைக் குழாய் அல்ல, தசைச் சுவரோடு கூடிய நல்ல நாடி. அதே புரதத்தை இதய நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தாயிற்று. எதிர்பார்த்த பலன் வரவில்லை.

ஹட்டன்காரர் காட்டிய அந்த வரி? அதை அவர் தலைகீழாக வாசித்திருக்கிறார். பெரிய நாடி மிக மோசமாக, பெரும்பாலும் 90 சதவீதத்துக்கும் மேல் அடைபட்ட பிறகுதான் அஞ்சியோகிராமில் பக்கக் குழாய்கள் கண்ணுக்குத் தெரியும். அந்த வரி அடைப்பின் கடுமையைத்தான் சொல்கிறது.

இந்த 'இயற்கை பைபாஸ்' ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கூட்டம் கால்களில் பட்டிகளைக் கட்டி, இதயத் துடிப்புக்கு ஏற்பக் காற்றடித்து இறுக்கும் இயந்திரத்தை வைத்திருக்கிறது. வழமையாக ஒரு மணித்தியாலம் வீதம் 35 தடவை. இயந்திரம் போலியல்ல. பைபாஸும், அடைப்பை விரித்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்டும் செய்யவே முடியாது என்று கைவிடப்பட்டவர்களுக்கு நெஞ்சு நோவைத் தணிக்க அது உதவலாம். பைபாஸ் செய்யக்கூடிய ஆளுக்கு அதைப் பதிலாக விற்பதுதான் மோசடி. இன்னொரு கூட்டம் 'குழாய் கழுவுதல்' என்று சேலைன் போத்தலில் மருந்து ஏற்றுகிறது. மாரடைப்பு வந்த நீரிழிவு நோயாளிகளிடமே அதைப் பரிசோதித்த பெரிய ஆய்வு 2024இல் வெளியானது. பலன் இல்லை. மூன்றாவது, எல்லோருடைய போனிலும் சுற்றும் இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர் கசாயம். அதில் தேனையும் ஊற்றி, சீனி வருத்தக்காரருக்குக் காலையும் மாலையும் கொடுக்கச் சொல்கிறார்கள்! பெயரில்லாத பொடி என்றால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

யார் வீட்டுக்கு ஈபிஎஃப் (சேமலாப நிதி) காசு வந்திருக்கிறது என்று இவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். ஆள் பிடித்துக் கொடுப்பவர் வேன்காரராக இருக்கலாம், தெரிந்த கடைக்காரராக இருக்கலாம், சொந்தக்காரராகவும் இருக்கலாம். தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. "ஆஸ்பத்திரி மருந்தை முதல்ல நிப்பாட்டுங்க" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் இவர்களை மட்டும் திட்டி என்ன பயன்? ரிப்போர்ட் இங்கிலிஷில், விளக்கம் சிங்களத்தில், அதுவும் அரை நிமிடத்தில். விடிய முன்னால் பஸ் ஏறி வந்து, அன்றைய பேரையும் (நாட்சம்பளத்தையும்) இழந்து, நம்பர் துண்டோடு மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கும் தோட்டத்துச் சனத்துக்கு, அப்பாவின் இதயத்தில் என்ன நடக்கிறது என்று தமிழில் பொறுமையாகச் சொன்ன முதல் ஆள் ஒரு புரோக்கர் என்றால், அவரை நம்பாமல் என்ன செய்வார்கள்? இத்தனை வருடமாகியும் மலையக நோயாளிகள் வந்து குவியும் கிளினிக்குகளில் மொழிபெயர்க்க ஒருவரை வைக்க முடியவில்லை. அடுத்த முறை தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் மூன்றே கேள்வி கேளுங்கள்: இதயத்தின் பம்பு பண்ணும் சக்தி எவ்வளவு, எங்கள் பெயர் அவசரப் பட்டியலிலா சாதாரணப் பட்டியலிலா, காத்திருக்கும் காலத்தில் எது வந்தால் உடனே ஓடி வர வேண்டும்.

"ஸ்டென்ட் வைத்தால் சீக்கிரம் முடிந்துவிடுமே" என்றும் யாராவது சொல்வார்கள். நீரிழிவோடு பல குழாய் அடைப்பும் உள்ள 1900 பேரிடம் செய்த ஃபிரீடம் என்ற ஆய்வு 2012இல் வெளியானது. ஐந்து வருடத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம், பைபாஸ் செய்தவர்களில் 18.7 சதவீதம். பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம். அப்பாவுக்கு பைபாஸ் என்று எழுதியது சும்மா இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் இலவசம். காத்திருக்க முடியாமல் தனியாரிடம் போவதென்றால், கடன் வாங்குவதற்கு முன்னால் பிரதேச செயலகத்தில் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றி விசாரியுங்கள். கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை, இப்போது விண்ணப்பத்தை அங்கேயே கொடுக்கலாம். படிவம் நிரப்பித் தருகிறேன், உள்ளே ஆள் இருக்கிறது என்று காசு கேட்பவருக்கு ஐந்து சதமும் கொடுக்காதீர்கள்.

அதுவரை சுருட்டு, சிகரெட் எதுவாக இருந்தாலும் இன்றோடு நிற்க வேண்டும். கொலஸ்டரோல் மாத்திரையும் சீனி மருந்தும் ஒரு நாளும் தவறக்கூடாது. சீனி வருத்தத்தில் நரம்பு மரத்துப்போவதால் சிலருக்கு நெஞ்சு நோவே இல்லாமல் மாரடைப்பு வரும். திடீர் மூச்சுத் திணறல், குளிர் வியர்வை, காரணமில்லாத களைப்பு வந்தால் வாயு என்று ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டிராமல் 1990 அம்பியுலன்சுக்கு அழையுங்கள். லயத்துக்கு வண்டி வர முடியாத பாதை என்றால், மெயின் ரோடு வரை எதில் கொண்டு போவது என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

டொக்டர் அனுமதித்தால் நடக்கலாம், சமதரையில், மூச்சு வாங்காத அளவுக்கு. நடக்கும்போது கூடும் இரத்த ஓட்டம் உட்சுவருக்கும் நல்லது. ஆனால் உங்கள் அப்பா விஷயத்தில் ஒரு விலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்கிறேன். கண்ணில் புதிய குழாய் முளைத்திருப்பதால், லேசர் முடியும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் எந்த வேலையும் கூடாது. விறகுக் கட்டு, தண்ணிக் கேன், மாவு மூட்டை, கேஸ் சிலிண்டர் ஒன்றையும் தூக்கக்கூடாது. தலையைக் கீழே தொங்கப்போட்டு மண் கொத்தவும் கூடாது. மலச்சிக்கல் இருந்தால் முக்காமல் மருந்து கேட்டு வாங்குங்கள். முக்கும்போது ஏறும் அழுத்தத்தில் அந்தப் பலவீனமான குழாய் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். நடை நல்லது என்று நான் சொன்னதை வைத்து, மேட்டு லயத்துக்குச் சாமான் தூக்கிக்கொண்டு ஏறவிடாதீர்கள். இதயத்துக்கும் அது ஆகாது. கண்ணில் இரத்தம் கசியும் என்று பயந்து அஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அஸ்பிரினால் இந்தக் கண் கசிவு கூடுவதில்லை. ஒப்பரேஷனுக்கு முன் அதை எப்போது நிறுத்துவது என்பதைச் சத்திரசிகிச்சை டொக்டரே சொல்வார். அவரிடம் கண் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் காட்டுங்கள்.