மரப்பூவில் நிற்காத நிறம் பட்டில் மட்டும் ஏறியது ஏன்?

கேள்வி: தோழியின் திருமணப் பூங்கொத்துக்காக இணையத்தில் வெள்ளை மரப்பூக்கள் வாங்கினேன். காணொளியில் சொன்னபடி சுடுநீரில் உணவு நிறம் கரைத்து, வினிகரும் உப்பும் சேர்த்து முக்கி எடுத்தேன். முக்கியபோது நல்ல ரோஜா நிறம். காய்ந்ததும் வெளிறிவிட்டது, இதழ்களும் தொட்டால் நொறுங்குகின்றன. ஈரக் கை பட்டால் நிறம் ஒட்டுகிறது. ஒரு பட்டு ரவிக்கையிலும் கறை பட்டுவிட்டது. விற்றவரைக் கேட்டால், தங்களிடமே கிடைக்கும் ‘மென்மையாக்கும் திரவமும்’ ‘நிறம் நிறுத்தும் கரைசலும்’ வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? முக்கி எடுத்த பூக்களைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: வாங்காதீர்கள். பூக்களைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அது மரமே இல்லை, நெட்டி. சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு செடியின் தண்டு. வங்காளத்தில் சோலா என்பார்கள்; வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு மாட்டிக்கொண்ட தொப்பி இதில் செய்ததுதான். பழுப்புத் தோலைச் சீவிவிட்டு உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றுப் பகுதியைத் தாள் போல மெல்லிசாக உரித்து, இதழ் வெட்டி, நூலால் கட்டுகிறார்கள். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் நெட்டி. விழாமல் கெட்டியாக இருந்தால் மரச்சீவல் பூ. அது தண்ணீரை இவ்வளவு வேகமாகக் குடிக்காது, தூரிகையால் பூசுவதே நல்லது. இனி நான் சொல்வதெல்லாம் நெட்டிக்கு.

நெட்டி பஞ்சு போல எதையும் உறிஞ்சும். அதனால்தான் எந்த நிறத்தில் முக்கினாலும் ‘ஆகா, ஏறிவிட்டது’ என்று தோன்றும். ஆனால் உள்ளே போன நிறம் அங்கே பிடித்துக்கொண்டதா என்பது வேறு விஷயம். நெட்டி, பருத்தி, காகிதம் எல்லாம் தாவர நார். கடையில் கிடைக்கும் செயற்கை உணவு நிறங்களுக்குத் தாவர நாரோடு உறவு கிடையாது. அவை பிடித்துக்கொள்வது விலங்கிலிருந்து வருவதை: கம்பளி, பட்டு, நம் தோல். வினிகர் சேர்த்தால் அந்தப் பிடி இன்னும் இறுகும். அதாவது நீங்கள் கலக்கிய கலவை பூவுக்கு ஒன்றும் செய்யவில்லை. பட்டுக்குச் சாயம் போட மிகச் சரியான கலவை அது. ரவிக்கையில் அழுத்தமாக ஏறியதற்கும் பூவில் நிற்காததற்கும் காரணம் ஒன்றே. வினிகர் ஊற்றச் சொன்ன காணொளிக்காரர் கம்பளிக்கான செய்முறையைப் பார்த்துப் பூவுக்கு ஒப்பித்திருக்கிறார். அந்தக் காணொளிகள் எல்லாம் பூவைத் தண்ணீரிலிருந்து தூக்கும் இடத்தில் முடிந்துவிடும். காய்ந்த பூவைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

உங்களுக்கு வேண்டியது கரையும் சாயம் இல்லை. கரையாத நிறமித் தூளும் அதை ஒட்டவைக்கும் பசையும் சேர்ந்த ஒன்று. அதுதான் படம் வரையப் பயன்படும் அக்ரிலிக் வண்ணம். தண்ணீர் போனதும் அதிலுள்ள பசை நெகிழி போல இறுகி, நிறமியை நாரோடு சேர்த்துப் பிடித்துவிடும். மறுபடி தண்ணீர் பட்டாலும் கரையாது. இதற்கு மேல் வேதியியல் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு கோப்பை, அதாவது 250 மில்லி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர். இரண்டு மேசைக்கரண்டி வண்ணம். ஒரு மேசைக்கரண்டி கிளிசரின். கட்டியில்லாமல் கலக்குங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், வண்ணத்திலுள்ள பசை திரிந்துவிடும். சமையல் பாத்திரமும் வேண்டாம். பூவைக் கவிழ்த்துப் பிடித்து அமுக்கி (விட்டால் மிதக்கும்), எல்லா இதழும் நனைந்ததும் எடுத்து உதறுங்கள். ஊறப்போடாதீர்கள், கட்டு தளர்ந்து இதழ்கள் கையோடு வரும். ஈரமாக இருக்கும்போது இதழ்கள் துணி போல மடங்கும். விரித்துவிடுவதோ குவிப்பதோ அப்போதே செய்துகொள்ளுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் பல படி வெளிறும், ஆகவே முதலில் ஒரே ஒரு பூவை முக்கிக் காயவைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். நெட்டியின் அடிநிறம் லேசான மஞ்சள் என்பதால் இளநீலம் பச்சையாகச் சாயும். கொஞ்சம் வெள்ளை வண்ணம் சேர்த்தால் சரியாகும்.

காயவைக்கும்போது பூவைக் கவிழ்க்காதீர்கள். நிறமெல்லாம் இதழ் நுனிக்கு இறங்கிக் கறை கட்டும். சல்லடையிலோ கம்பி வலையிலோ நிமிர்த்தி வையுங்கள். மின்விசிறி போதும். நுண்ணலை அடுப்பு வேண்டாம், காய்ந்த நெட்டி சட்டென்று தீப்பிடிக்கும். வெளியிதழ் ஒரு நாளில் காய்ந்துவிடும், நடுவே காய இரண்டு மூன்று நாள் ஆகும். முக்காத பூ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் கையில் தூக்கிப் பாருங்கள். கனம் தெரிந்தாலோ நடுப்பகுதி சில்லென்றிருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும்.

இப்போது அந்த ‘மென்மையாக்கும் திரவம்’. உங்கள் பூ நொறுங்கியதற்குக் காரணம், வெறும் தண்ணீரில் நனைந்து காய்ந்த நெட்டி விறைத்துப்போவதுதான். கிளிசரின் காற்றிலிருந்து கொஞ்சம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் இதழ் வளையும். பூவுக்கென்று விற்கும் திரவங்களில் வேலை செய்வது பெரும்பாலும் இதே கிளிசரின்தான்; அதில் தண்ணீர் ஊற்றி, பூப் படம் போட்ட சீட்டு ஒட்டி, பல மடங்கு விலை. மருந்துக்கடையில் கிளிசரின் என்று கேட்டு வாங்குங்கள். பன்னீரோ வாசனையோ கலந்த முகப்பூச்சு வகை வேண்டாம். பூவை விற்றவரே மருந்தையும் விற்கிறார். வாங்கும்போதே ‘இதைக் கிளிசரின் இல்லாமல் நனைக்காதீர்கள்’ என்று ஒரு துண்டுச்சீட்டு போட்டிருந்தால் உங்கள் பூ உடைந்திருக்காது. அப்படிச் செய்தால் அடுத்த புட்டி எப்படி விற்பது?

கிளிசரின் அளவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். மழைக்காலத்திலோ கடலோரத்திலோ காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும் இடத்திலோ முக்குகிறீர்கள் என்றால் ஒரு மேசைக்கரண்டி அதிகம். ஒரு தேக்கரண்டி, 5 மில்லி போதும். அதற்கு மேல் போனால் கிளிசரின் இழுக்கும் ஈரம் இதழ் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். பூ தொங்கும், பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், பசை சரியாக இறுகாமல் நிறமும் கையோடு வரும். ‘இன்னும் காயவில்லை போல’ என்று வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். கிளிசரின் கொதிப்பதே 290 டிகிரி செல்சியஸில். அது உலர்ந்து போகாது, காத்திருந்து பயனில்லை. வெறும் தண்ணீரில் முக்கி எடுத்துக் கொஞ்சத்தைக் கழுவி வெளியேற்றுவது ஒன்றுதான் வழி. நேர்மாறாக, நாளெல்லாம் குளிர்சாதனம் ஓடும் வறண்ட அறையில் வைக்கப்போகிறீர்கள் என்றால் முழு மேசைக்கரண்டியும் வேண்டும். முக்கும் இடம் ஈரம், வைக்கும் இடம் வறட்சி என்றால்? வைக்கும் இடத்தையே கணக்கில் எடுங்கள், காய ஒரு நாள் கூடுதலாகக் கொடுங்கள். பூங்கொத்தில் பச்சை இலைகளும் உண்மையான பூக்களும் கலந்திருந்தால் அது வறண்ட மண்டபமாக இருந்தாலும் ஈர இடம்தான், தேக்கரண்டிக் கணக்கு. அந்தக் கொத்தைப் பூக்கடைக் குளிர்பெட்டியில் ராத்திரி முழுக்க வைக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் மாதிரிப் பூவை இரண்டு நாள் வைத்து, மெல்லிய காகிதத்தை இதழில் அழுத்துங்கள். காகிதத்தில் நனைந்த தடம் விழுந்தால் கிளிசரினைக் குறைக்க வேண்டும்.

‘நிறம் நிறுத்தும் கரைசல்’ முழுப் பொய் இல்லை. பருத்திச் சாயப்பட்டறைகளில் அப்படிப்பட்டவை உண்டு. ஆனால் எந்தச் சாயத்துக்கு எது என்று கணக்கு இருக்கிறது. உங்கள் புட்டியில் என்ன சாயம் என்று அவருக்குத் தெரியாது, அவர் புட்டியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பிஸ்கட் பொட்டலத்தில் மாவிலிருந்து உப்பு வரை பட்டியல் போடுகிறார்கள். கைவினைச் சாயப் புட்டியில் ‘சிவப்பு’ என்று மட்டும் இருக்கும். கரையும் சாயமா, நிறமியா, வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு வரி கிடையாது. ‘நச்சற்றது’ என்று மட்டும் பெரிதாகப் போடுவார்கள். பூ வெளுக்காது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகுமா? ‘இயற்கைச் சாயம்’ இன்னொரு தூண்டில். பீட்ரூட் நிறம் வெளிச்சத்தில் நிற்காது. மஞ்சளும் வெளுக்கும், சோப்புக் கை பட்டால் சிவக்கும். கண்ணைப் பறிக்கும் ஒளிர்நிறங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் மங்கும்.

ஓவியர்களுக்கான அக்ரிலிக் வண்ணங்களில் நிறமியின் குறியீட்டை அச்சிடுகிறார்கள். நீலத்துக்கு பி.பி.15 (PB15), ரோஜாவுக்கு பி.ஆர்.122 (PR122) என்றிருந்தால் நம்பி வாங்கலாம், இரண்டும் வெளிச்சம் தாங்குபவை. பி.ஆர்.83 (PR83) என்ற சிவப்பு வெளுக்கும். குறியீடே இல்லாத மலிவுப் பெட்டி ஒரு நாள் விழாவுக்குப் போதும். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைக்க உதவாது.

ஏற்கெனவே உணவு நிறத்தில் நனைத்த பூக்களை வெறும் வெதுவெதுப்பான நீரில் சிலமுறை முக்கி எடுங்கள். ஒட்டாத நிறம் தண்ணீரில் இறங்கும், தண்ணீர் ஓரளவு தெளியும்வரை மாற்றுங்கள். உடைந்த இதழ் திரும்பாது, மற்றவை நனைந்ததும் வளையும். முழுதாகக் காயவிட்டு, அதே ரோஜா குடும்பத்தில் ஒரு படி அடர்ந்த அக்ரிலிக் கலவையில் முக்குங்கள். நீலமோ பச்சையோ ஆக்க முயலாதீர்கள், மிச்சமிருக்கும் சிவப்பு கலந்து சேறாகும். இந்தப் பூக்களுக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள். புதிய பூக்களை அதே கலவையில் போடாதீர்கள். காய்ந்ததும் ஈர வெள்ளைத் துணியால் ஒரு இதழை மெல்லத் தேயுங்கள். நிறம் வந்தால், பளபளப்பில்லாத அக்ரிலிக் வார்னிஷை எட்ட நின்று மெல்லிய இரண்டு பூச்சாகத் தெளியுங்கள். திறந்த இடத்தில், பக்கத்தில் நெருப்பில்லாமல். பிசுபிசுக்கும் பூவின் மேல் வார்னிஷ் அடிக்க வேண்டாம், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதன் பிறகும் துணியில் நிறம் வரும் பூவைக் கொத்தின் நடுவில் வையுங்கள், ஆடை உரசும் ஓரத்தில் வேண்டாம்.

பட்டு ரவிக்கையை இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் கறை இன்னும் இறுகும். வினிகர் தடவச் சொல்லும் யோசனைகளையும் கேட்காதீர்கள், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். உலர்சலவைக்குக் கொடுக்கும்போது ‘பூக்கறை’ என்று சொன்னால் அவர்கள் பூச்சாறு என்று நினைத்துக்கொள்வார்கள். உணவு நிறம், வினிகரோடு கலந்தது என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்.