தாராக் குஞ்சின் கால் விரிவது பற்றி

கொழும்பு வெள்ளவத்தை மாடி வீட்டில் பத்து நாள் தாராக் குஞ்சுகளைப் பேப்பர் விரித்த பெட்டியில் வளர்ப்பதாகவும், ஒன்றுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தப் பேப்பரை எடுத்துவிடுங்கள் தங்கச்சி. நனைந்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். எங்கள் வீட்டுக் குஞ்சொன்றும் இப்படித்தான் எழும்ப முடியாமல் தவித்தது, பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. சணல் சாக்கை மடித்து விரியுங்கள், நகம் பிடித்து நிற்கும். கால்களை இயல்பான அகலத்தில் மெல்லிய பிளாஸ்டரால் இணைத்து, இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

தாராவுக்குக் கோழிக் குஞ்சைவிட நியாசின் என்ற வைட்டமின் கூடுதலாக வேண்டும். குறைந்தாலும் கால் வளையும், மிருக வைத்தியரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள்.

அப்புறம், தண்ணீர்ப் பாத்திரத்தில் மூக்குத் துளை முங்கினால் போதும். கூழாங்கல் போட்டால் குஞ்சு உள்ளே இறங்காது. பகலில் கொழும்புச் சூடே காணும். இரவிலும் மழை நாளிலும் சூட்டுக்குப் பல்பைப் போடுங்கள்.