5.0 லிட்டர் மஸ்டாங்கில் 700 குதிரைத்திறன்: டர்போவா, சூப்பர்சார்ஜரா?

கேள்வி: என்னிடம் 2016 ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி., மேனுவல் கியர்பாக்ஸ் உள்ளது. கிராங்கில் (இன்ஜினின் சுழல்தண்டில்) 700 ஹெச்.பி. வேண்டும். தினசரி ஓட்டும் கார், எப்போதாவது டிராக் ரேஸ். பிஸ்டன், கனெக்டிங் ராடு எதையும் மாற்றப்போவதில்லை. டர்போ, சூப்பர்சார்ஜர், எது சரி?

பதில்: பிஸ்டனையும் ராடையும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். பாதி முடிவு அதிலேயே இருக்கிறது. இரண்டுமே இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அடைப்பவைதான். சூப்பர்சார்ஜரை கிராங்கிலிருந்து வரும் பெல்ட் சுழற்றுகிறது, டர்போவை எக்ஸாஸ்ட் வாயு சுழற்றுகிறது.

உங்கள் இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே 435 ஹெச்.பி., 4,250 ஆர்.பி.எம்.மில் 542 நியூட்டன் மீட்டர் டார்க். கடல்மட்டக் காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் 10 பி.எஸ்.ஐ. பூஸ்ட் (கூடுதல் அழுத்தம்) ஏற்றினால் காற்று ஏறக்குறைய 1.68 மடங்காகிறது, கணக்குப்படி 731 ஹெச்.பி. காற்று சூடாவதிலும் டைமிங்கைக் (பிளக் பற்றவைக்கும் நேரத்தை) குறைப்பதிலும் கொஞ்சம் போகும். ஆக, எந்த வழியில் போனாலும் 10 பி.எஸ்.ஐ. பக்கத்தில்தான் நிற்பீர்கள். அந்த 10 எந்த ஆர்.பி.எம்.மில் வருகிறது என்பதுதான் விஷயம்.

ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகை (இரட்டை உருளைகள் காற்றைத் தள்ளும்) சூப்பர்சார்ஜர்கள் கீழ் ஆர்.பி.எம்.மிலேயே முழு பூஸ்ட்டையும் தந்துவிடும். அளவான டர்போ 3,500-4,000க்குள் தந்துவிடும். அப்படியானால் 4,250இல் டார்க் 900 நியூட்டன் மீட்டரைத் தொடும். ராடை வளைப்பது உச்ச ஹெச்.பி. இல்லை, இந்த நடு ஆர்.பி.எம். அழுத்தம்தான். டர்போவில் வேஸ்ட்கேட் (மிச்ச எக்ஸாஸ்ட்டை வெளியே விடும் வால்வு) சிறியதாக இருந்தால் பூஸ்ட் சொன்ன இடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். அங்கேதான் பல இன்ஜின்கள் உடைகின்றன.

சென்ட்ரிஃபியூகல் (விசிறிச் சக்கரம் காற்றை வீசித் தள்ளும்) சூப்பர்சார்ஜரில் பூஸ்ட் ஏறக்குறைய ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தோடு ஏறும். 7,000இல் 10 பி.எஸ்.ஐ. என்றால் 4,250இல் 4கூட இருக்காது. டார்க் 680 நியூட்டன் மீட்டர் அளவில் நிற்கும். 7,000 ஆர்.பி.எம்.மில் 700 ஹெச்.பி.க்கு 712 நியூட்டன் மீட்டர் போதும். கிளட்ச்சுக்கும் பின் டயருக்கும்கூட இது நல்லது. உங்களுக்கு என் பரிந்துரை இதுதான். முதல் மிதியிலேயே முதுகில் அறைவது போன்ற இழுப்பு இதில் கிடைக்காது. அதுதான் வேண்டுமென்றால் ட்வின் ஸ்க்ரூ வாங்கி, பூஸ்ட்டை 7, 8க்குள் வைத்து, 650 ஹெச்.பி.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வகையில் இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிரவைப்பது) பெரும்பாலும் தண்ணீரில் குளிர்வது. அடுத்தடுத்து நான்கு ஓட்டம் ஓடினால் தண்ணீர் சூடேறி, கணினி டைமிங்கைக் குறைத்து, பவர் விழும்.

இனி மற்ற வேலைகள். 11:1 கம்ப்ரஷனில் 10 பி.எஸ்.ஐ. ஏற்ற 98 ஆக்டேன் பெட்ரோல் வேண்டும் (அமெரிக்க பங்கில் 93 என்று எழுதியிருப்பது ஏறக்குறைய இதுவே, அளக்கும் முறைதான் வேறு). 95 மட்டுமே கிடைக்கும் ஊரென்றால் சூப்பர்சார்ஜரில் பெரிய புல்லி போட்டு 6, 7 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிவிடுங்கள், நாக்கிங் (பெட்ரோல் தானாக வெடிப்பது) வந்தால் முதலில் உடைவது பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் விளிம்புதான். பூஸ்ட் ஏற்றிய இன்ஜின் மணிக்கு ஒரு ஹெச்.பி.க்கு 295 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வையுங்கள். இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் முனை) 85 சதவீத நேரம் திறந்திருக்கும் கணக்கில் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 690 சி.சி. வருகிறது, 800 சி.சி. வாங்குங்கள். டேங்கில் இருக்கும் ஒற்றை பம்ப் ஈடுகொடுக்காது, வோல்டேஜ் பூஸ்டராவது இரட்டை பம்பாவது அவசியம். பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி 0.7 மி.மீ. முழு மிதியில் காற்று-எரிபொருள் விகிதம் 11.5இலிருந்து 11.8க்குள் இருக்கட்டும்.

ஆயில் பம்ப்பைத் தவிர்க்கவே முடியாது. இந்த இன்ஜினில் அதன் கியர்கள் உலோகப் பொடியை அழுத்திச் செய்தவை. உயர் ஆர்.பி.எம்.மில் லிமிட்டரில் (ஆர்.பி.எம். உச்சவரம்பில்) அடிக்கும்போதோ, பின்சக்கரம் துள்ளும்போதோ விரிசல் விடும். ஆயில் அழுத்தம் ஒரே நொடியில் பூஜ்யம். முன்கவரைக் கழற்றி பில்லெட் ஸ்டீல் (முழுக்கட்டியிலிருந்து கடைந்த) கியர்களும், கூடவே கிராங்க் ஸ்ப்ராக்கெட்டும் மாற்றுங்கள். சூப்பர்சார்ஜர் பொருத்த எப்படியும் முன்பக்கம் கழன்றுதான் இருக்கும்.

டர்போ வீண் என்று நினைக்க வேண்டாம். பெல்ட்டால் சுழலும் கம்ப்ரஸர் கிராங்கிலிருந்தே சக்தியைப் பிடுங்குகிறது, 707 ஹெச்.பி. டாட்ஜ் ஹெல்கேட்டில் உச்சத்தில் அது ஏறக்குறைய 80 ஹெச்.பி. கார்வெட் இசட்.ஆர்.1, 2019இல் சூப்பர்சார்ஜரோடு 755 ஹெச்.பி. தந்தது. 2025இல் அதைவிடச் சின்ன 5.5 லிட்டர் இன்ஜினில் இரட்டை டர்போ வைத்து 1,064க்குப் போய்விட்டது. நாளை 900 வேண்டுமென்றால் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) ராடு, பிஸ்டன் போட்டு டர்போவுக்குப் போங்கள். அப்போது ஆயில் திரும்பும் குழாய் நேர்கீழாக, மடிப்பில்லாமல் இறங்க வேண்டும். அது தேங்கினால் ஆயில் சீலைத் தாண்டி எக்ஸாஸ்ட்டில் புகையும்; சீல் போய்விட்டதென்று நல்ல டர்போவைக் கழற்றிப் போடுவார்கள்.

பொருத்தியபின் முதல் சில நாள் புல்லியைச் சுற்றிப் பாருங்கள். கறுப்பு ரப்பர் தூள் படிந்திருந்தால், 6,000க்கு மேல் பூஸ்ட் ஏறாமல் விழுந்தால், பெல்ட் வழுக்குகிறது. உடனே டென்ஷனரை இறுக்கிவிடாதீர்கள். முதலில் புல்லிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேர்சட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் ஓரம் பிய்ந்துவிடும்.